ஆறு இறங்கும்போது ஏறிய கிணறு

வரைபடம் அவ்வளவு அழகாக இருந்ததுதான் வாகீஸ்வரியை முதலில் உறுத்தியது.

நாலாம் படிவத்து மாணவி கலாவதி கொடுத்த கட்டத்தாள் அது. அவளும் அவளுடைய தோழி நவமணியும் தாங்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்துக் கிணற்றின் நீர்மட்டத்தைச் சில வாரங்களாக அளந்திருந்தார்கள். விடியற்காலையில் நவமணி எடுத்த அளவுகள் சிவப்புப் புள்ளிகள். பள்ளி விட்டுப் போனபின் கலாவதி எடுத்தவை நீலப் புள்ளிகள். சிவப்பு வரிசை ஏறி, வளைந்து, இறங்கி, மறுபடி ஏறியது. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. மழையே பெய்யாத மாதத்தில் ஒரு தோட்டத்துக் கிணறு இப்படி நெளியுமா?

ஆசிரியர் அறையில் பக்கத்து மேசைக்காரர் சிவானந்தம் எட்டிப் பார்த்தார். கணக்கு ஆசிரியர். சனி ஞாயிறு வந்தால் கோலசிலாங்கூர் ஆற்று முகத்தில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார். வாகீஸ்வரியின் புதிய பாடமுறை பிடிக்கவில்லை என்பதை அவர் என்றும் மறைத்ததில்லை.

"எஸ்.பி.எம். பரீட்சையில கிணத்தைப் பத்திக் கேள்வி வருமா டீச்சர்?"

"வராது."

"அப்புறம் எதுக்கு லா இந்த வேலை?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் தன் பையிலிருந்து தூண்டில் கடைக்காரன் கொடுத்த சிறிய காலண்டரை எடுத்தார். ஒவ்வொரு நாளும் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று அதில் அச்சிட்டிருக்கும். அதை வரைபடத்தின் ஓரத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு நாளாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"பாருங்க. விடியக்காலம் கடல் ஏறியிருக்கிற நாள்ல சிவப்பு உச்சியில இருக்கு. கடல் வத்துற நாள்ல அடியில. அச்சு அசல். இதைப் பார்த்து எழுதிட்டு, கிணறுன்னு பேரு வச்சிருக்காங்க உங்க புள்ளைங்க."

வாகீஸ்வரி குனிந்து பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். நீலப் புள்ளிகள் மட்டும் காலண்டரோடு ஒட்டவில்லை. அது பார்த்து எழுதிய அவசரத்தில் வந்த பிழையாக இருக்கும் என்று இருவருமே எடுத்துக்கொண்டார்கள். சிவப்பு பொருந்திவிட்டது, அதோடு கதை முடிந்தது.

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. கோலாலம்பூரில் நடந்த ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்த வாகீஸ்வரி, வகுப்பில் ஒரு நாள் பாடப்புத்தகத்தை மூடச் சொன்னாள். ஆளுக்கொரு கேள்வி கொண்டுவாருங்கள், விடை எனக்கும் தெரியாததாக இருக்கவேண்டும், நீங்களே அளந்து கண்டுபிடியுங்கள் என்றாள். மாணவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். விடை தெரியாத கேள்விக்கு எப்படி மதிப்பெண் போடுவாள் என்று பின்வரிசை முணுமுணுத்தது. பெற்றோர் இரண்டு பேர், இந்த டீச்சருக்குப் பாடம் தெரியாததால்தான் பிள்ளைகளிடம் கேட்கிறார் என்று பள்ளி முதல்வரிடம் போய்ச் சொன்னார்கள். முதல்வர் அவளை அழைத்து, இந்தத் தவணை மட்டும், அதற்கு மேல் இல்லை என்றார்.

எனவே இந்த ஆய்வுத் திட்டம் பொய்த்துப்போனால் அது பிள்ளைகளின் பொய்யாக மட்டும் இராது. அது அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தோடுதான் இருவரையும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தாள்.

"இதை எங்கே பார்த்து எழுதினீங்க?"

கலாவதிக்குப் புரியவில்லை. "எது டீச்சர்?"

"கடல் ஏறி இறங்குற நேரம் காலண்டர்ல இருக்கு. உங்க அளவும் அதுவும் ஒண்ணா இருக்கு. கிணத்துக்குள்ள கடல் எங்கேருந்து வந்துச்சு?"

"அதைத்தான் டீச்சர் நான் கண்டுபிடிச்சேன்!" கலாவதியின் குரல் உயர்ந்தது. "எங்க கிணறு ஆத்துக்குக் கிட்ட இருக்கு. ஆத்துல கடல்தண்ணி ஏறுனா கிணறும் ஏறுது. அறிக்கையில கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன். நீங்க படிக்கலியா?"

படித்திருந்தாள். அதையும் கட்டுக்கதையின் பகுதியாகத்தான் படித்திருந்தாள்.

"நவமணி, நீ சொல்லு."

நவமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை விரல்களைப் பாவாடைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். குனிந்த அந்தத் தலையே வாகீஸ்வரிக்குப் போதுமானதாக இருந்தது. இதை விட்டுவிடுங்கள், ஊசல் சோதனையைச் செய்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுநாளே கலாவதி ஊசல் அறிக்கையை மேசையில் வைத்தாள். புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு. பிழையே இல்லை. வாகீஸ்வரி பச்சை மையால் நல்ல மதிப்பெண் போட்டு, கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

கலாவதி நகரவில்லை.

"டீச்சர், எங்க வீட்டுல ஸ்டாப்வாட்ச் கிடையாது. நான் நூலும் கட்டல, கல்லும் கட்டல. எல்லாம் புக்ல பார்த்து எழுதினது. இதுக்கு நீங்க ஒரு கேள்வியும் கேக்கலியே."

சொல்லிவிட்டுத் தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க அந்தத் தாள் வாகீஸ்வரியின் மேசையில் கிடந்தது. எடுத்துக் கிழித்துப்போடவும் மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை அவள் பேருந்து ஏறினாள்.

புக்கிட் ரோத்தான் தாண்டி ஒரு மண்சாலை முகப்பில் இறங்கினால் அந்த மாணவிகளின் நீப்பா தோட்டம். சாலை சிறிது தூரம் ஆற்றோரமாகவே போகும். ஆறு கரை தளும்ப நின்றது. கரையோர நீப்பா பனைகளின் மட்டைகளில் பாதி தண்ணீருக்குள் இருந்தது. அதற்கப்புறம் செம்பனை, செம்பனைக்கு அப்புறம் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள். கடைசி லயத்துக்குப் பின்னால், மூடிக்கிடந்த பழைய ரப்பர் புகைக்கூட்டின் அருகில் கிணறு. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

"இங்க கம்பு ஒண்ணு வச்சிருந்தாங்களாமே, பள்ளிப்பிள்ளைங்க?" என்று கேட்டாள்.

பெண்கள் மறுபடி துணியைத் துவைக்கத் தொடங்கினார்கள். கடைசியில் ஒருத்தி மட்டும், "நீங்க ஆபீஸ் ஆளா?" என்றாள்.

"இல்ல. நான் பள்ளிக்கூடத்து டீச்சர்."

"பள்ளிக்கூடத்துக்கு எங்க கிணறு எதுக்கு? பைப்பு போட்டாச்சுன்னு இதை மூடிரலாம்னு அளக்க வந்திருக்கீங்க. பைப்புல ஒரு வேளைதான் தண்ணி வருது. அதை யாரு அளக்குறா?"

வாகீஸ்வரி விளக்கத் தொடங்குமுன் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமி. காக்கிச் சட்டை, முழங்கால் வரை ரப்பர் காலணி. தலைமை எழுத்தரான பெரிய கிராணி ஆபீசுக்குக் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு, அவள் வருகிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி முன்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

பெரிய கிராணி சபாரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கள் ஆர் அனுப்பி வந்தனீங்கள்?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் அவளுக்குத் தன் வீட்டு முன்னறை நினைவுக்கு வந்தது. அவள் நாவும் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. "ஒருத்தரும் அனுப்பேல்லை ஐயா. நான் படிப்பிக்கிற பிள்ளையள் இங்க இருக்கினம்."

அவருடைய முகம் சற்றுத் தளர்ந்தது. "ஆர்ட மகள்?"

"ரயில்வேயில இருந்த வீரசிங்கத்தின்ர மகள். செந்தூல்."

தேநீர் வந்தது. ஆனால் சந்தேகம் போகவில்லை. போன வருடம் சுகாதார இலாகாவிலிருந்து திடீரென்று ஆட்கள் வந்து சாக்கடையையும் கக்கூசையும் பார்த்துவிட்டுப் போனார்களாம். யாரோ உள்ளேயிருந்து சொல்லிக்கொடுத்ததாக மானேஜர் நம்பினாராம். கிராணியின் மேசைக்குத்தான் அந்தக் கோபம் வந்து சேர்ந்ததாம். அதன்பிறகு ஒரு பெண்பிள்ளை விடியற்காலையில் கிணற்றுக்குள் கோடு போட்ட கம்பை விட்டு எட்டிப் பார்க்கிறாள் என்றால் அவர் என்ன நினைப்பார்?

"பாடப்புத்தகத்தில இல்லாததை ஏன் பிள்ளை படிப்பிக்கிறாய்?"

"புத்தகத்தில இருக்கிறதுக்கு எனக்கு விடை தெரியும் ஐயா. அதால அவையள் என்ன எழுதினாலும் நான் உண்மையா எண்டு பாக்கிறதேயில்லை."

சொன்னபிறகுதான் அது முழுக்க முழுக்க ஊசல் தாளைப் பற்றிய பேச்சு என்று அவளுக்கே தெரிந்தது.

சபாரத்தினம் யோசித்தார். இன்றைக்கு இப்போதே பார்க்கலாம்; இனிமேலும் கம்பை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாலையில் மட்டும். மண்டோர் பக்கத்தில் நிற்பார். தோட்டத்தின் பெயர் எங்கும் வரக்கூடாது. எழுந்து வாசல்வரை வந்து, "எங்கட பிள்ளை எண்டபடியால் விடுறன்" என்றார்.

வாசலுக்கு வெளியே கலாவதி நின்றிருந்தாள். டீச்சர் வந்திருக்கும் செய்தி லயத்தில் பரவ நேரமாகவில்லை.

"கிராணியும் நீங்களும் ஒரே பேச்சு பேசுறீங்க" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. "என்ன பேசி முடிச்சீங்க டீச்சர்?"

"கிணத்தைப் பார்க்கத்தான் கேட்டேன். வா."

கலாவதி பின்னாலேயே வந்தாள், பக்கத்தில் வரவில்லை. இருவருக்கும் பின்னால் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மண்டோர்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. துவைத்த பெண்கள் போய்விட்டிருந்தார்கள். கலாவதி புகைக்கூட்டின் இடுக்கிலிருந்து தன் மூங்கில் கம்பை எடுத்து வந்தாள். அங்குலத்துக்கு ஒரு கோடாகச் சிவப்புச் சாயம் பூசியிருந்தாள். கிணற்றுச் சுவரில் அடித்திருந்த ஆணியில் அதைத் தொங்கவிட்டு, குனிந்து பார்த்து, ஓர் எண்ணைச் சொன்னாள். வாகீஸ்வரி தானும் குனிந்து பார்த்தாள். கலாவதிக்கு அது பிடிக்கவில்லை.

புகைக்கூட்டு நிழலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். காத்திருக்கப் பொறுக்காமல் வாகீஸ்வரி எழுந்து ஆற்றங்கரைவரை நடந்தாள். காலையில் பாதி முழுகியிருந்த நீப்பா மட்டைகள் இப்போது அடிவரை தெரிந்தன. சேற்றில் சிறு நண்டுகள் ஓடின. ஆறு வற்றத் தொடங்கி வெகுநேரமாகியிருந்தது.

திரும்பி வந்தபோது கலாவதி கிணற்றடியில் நின்றிருந்தாள். "நான் சொன்னா நம்பமாட்டீங்க" என்று சொல்லிவிட்டு மண்டோரைப் பார்த்தாள். "மண்டோரய்யா, நீங்க வந்து பாருங்க. தண்ணி எந்தக் கோட்டுல நிக்குது?"

"என்னை ஏன்மா இழுக்குற?"

"நான் பொய் சொன்னா பிடிக்கத்தானே நிக்கிறீங்க? நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

நல்லசாமி வண்டியை நிறுத்திவிட்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் எட்டிப் பார்த்தார். கோடுகளை வாய்க்குள் எண்ணினார். பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அவர் சொன்ன எண் முதலில் பார்த்ததைவிட இரண்டு கோடு அதிகம்.

"ஏறியிருக்கு" என்றார், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதைப் போல. "யாரும் தண்ணி ஊத்தல. நான் இங்கதானே நின்னேன்."

வாகீஸ்வரி ஆற்றின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆறு இறங்கிக்கொண்டிருக்கிறது. கிணறு ஏறிக்கொண்டிருக்கிறது. ஆற்று நீரின் அழுத்தம் மண்ணுக்குள் ஊர்ந்து கிணற்றுக்கு வந்துசேர அதற்கென்று நேரம் பிடிக்கிறது. கரையில் கடல் திரும்பிப் போனபிறகுதான் கிணற்றுக்கு அது வந்த செய்தியே தெரிகிறது. இதை எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை. காலண்டரைப் பார்த்து இப்படி எழுதியிருக்கவும் முடியாது.

"அதான் டீச்சர் நீலப்புள்ளி காலண்டரோட ஒட்டல. கிணறு எப்பவும் லேட்டு" என்றாள் கலாவதி. அன்று முதல்முறையாக அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

வாகீஸ்வரி பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தாள். நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றும் கடலுக்குப் பிந்தி வந்திருந்தன. பிழை என்று அவள் ஒதுக்கியவைதான் உண்மை. வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கப் போனவள் சட்டென்று நின்றாள்.

"கலா. கிணறு எப்பவும் லேட்டுன்னா, சிவப்பு ஏன் லேட்டா இல்ல?"

கலாவதி தாளை வாங்கிப் பார்த்தாள். சிவப்பு வரிசையில் விரலை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போனாள். ஒரே கிணறு. காலையில் கடலோடு கூடவே ஏறிவிட்டு, மாலையில் மட்டும் பிந்திவர அதற்குத் தெரியாது. விரல் பாதி வழியில் நின்றது. அவள் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது.

"நவமணி" என்றாள், யாரையும் பார்க்காமல்.

நவமணியின் வீடு நடு லயத்தில். அவர்கள் மூவரும் வருவதைக் கண்டதும் அவளுடைய தந்தை சன்னாசி வாசலை மறித்து நின்றார். பழக்குலை ஏற்றும் லோரியில் வேலை பார்க்கிற மனிதர். தோள்பட்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். டீச்சரைப் பார்க்காமல் மண்டோரைத்தான் பார்த்தார்.

"அவ போகலீங்க. நீங்க சொன்ன அன்னைக்கே நிறுத்திட்டேன். அப்புறம் ஒரு நாளும் கிணத்துப் பக்கம் விடல."

நல்லசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "விடியக்காலம் கிணத்துக்கு வர்ற பிள்ளையை நிறுத்தச் சொல்லி ஆபீஸ்ல சொன்னாங்க, சொன்னேன். பிள்ளையை அடிக்கச் சொல்லல."

"தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டா நாங்க எங்க போறது?" என்றார் சன்னாசி.

நவமணி உள்ளிருந்து வந்து தந்தைக்குப் பின்னால் நின்றாள். முதல் வாரம் உண்மையாகவே போய் அளந்ததாகச் சொன்னாள். பிறகு போக முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த சீனன் கடைக் காலண்டரில் கடல் ஏறும் நேரம் இருந்தது. ஆற்றோடு கிணறும் ஏறுகிறது என்று கலாவதி அடிக்கடி சொல்வாள். அதை வைத்துக் கணக்குப்போட்டு எழுதிவிட்டாள். முதல் வார அளவுகளும் கோணலாகத் தெரிந்ததால் அவற்றையும் இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.

"உண்மையா அளந்ததையும் மாத்திட்டியா?" கலாவதியின் குரல் உடைந்தது. "என்கிட்ட ஏன்டி சொல்லல? டீச்சர் கேட்டப்பகூட உனக்காக நான் சண்டை போட்டேன்."

"தினமும் காலையில பஸ்ல நம்பரைச் சொல்வேன். நீ எழுதிக்குவே. நிஜமாவே போனியா, பார்த்தியான்னு நீ ஒரு நாள் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன் கலா. நீ கேக்கவே இல்ல."

கலாவதி திரும்பி நடந்துவிட்டாள்.

வாகீஸ்வரி சன்னாசியிடம் கிராணி அனுமதி கொடுத்துவிட்டதைச் சொன்னாள். இனி யாரும் நவமணியை ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றாள். அவர் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. பேருந்துக்கு நடக்கும்போது, தன் தந்தையின் பெயரைச் சொன்னதால் கிடைத்த அனுமதி சன்னாசிக்கு எத்தனை நாளைக்கு உதவும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு கலாவதி மாலை அளவை மறுபடி தொடங்கினாள். ஆனால் முறையை மாற்றிவிட்டாள். அவள் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்வாள், சொல்லமாட்டாள். அடுத்து மண்டோர் பார்த்து வாய்விட்டுச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போனால்தான் புள்ளி. ஒத்துப்போகாவிட்டால் மறுபடி பார்க்கவேண்டும். நல்லசாமி முதலில் சலித்துக்கொண்டார். பிறகு கலாவதி பிந்தி வந்தால் வண்டியின் ஹாரனை அடிக்கும் அளவுக்கு ஆகிவிட்டார். கிணற்றை மூடுவதற்காகத்தான் அளக்கிறார்கள் என்று பெண்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அளவு எடுக்கும் நேரத்தில் வாளி விடாமல் ஒதுங்கி நின்றார்கள்.

இரண்டாம் வாரம் ஒரு மாலை நவமணியும் வந்து நின்றாளாம். கலாவதி போகச் சொல்லவுமில்லை, வா என்று கூப்பிடவுமில்லை. மூன்றாவது ஆளாக அவளும் எட்டிப் பார்த்து ஓர் எண் சொன்னாள். அதையும் கலாவதி மற்ற எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதினாள்.

தவணை முடிவில் ஆய்வுக்கூடத்தில் திட்டங்களை மேசைகளில் வைத்தார்கள். கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சிவானந்தமும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே வந்தார். கலாவதியின் மேசையில் புதிய வரைபடம் இருந்தது. தலைப்பில் தோட்டத்தின் பெயர் இல்லை. ஆற்றோரக் கிணறு என்று மட்டும் மலாயில் எழுதியிருந்தது. நீலப் புள்ளிகள் முழுக்க இருந்தன. அவற்றுக்கு மேல் காலை அளவுக்கான இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அதை நிரப்பாமல் இப்படி வைத்தால் மதிப்பெண் போகும் என்று வாகீஸ்வரி முன்பே எச்சரித்திருந்தாள். காலை அளவு இல்லை, அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் என்று கலாவதி சொல்லிவிட்டாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "இது எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது?" என்று மலாயில் கேட்டார்.

"எந்தப் புத்தகமும் இல்லை, துவான்."

"பாடத்திட்டத்தில் இது எந்தத் தலைப்பில் வருகிறது?"

கலாவதி வாகீஸ்வரியைப் பார்த்தாள். எந்தத் தலைப்பிலும் வரவில்லை என்று வாகீஸ்வரி சொன்னாள். அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை அந்த வெற்றிடத்தில் வைத்தார்.

"இது ஏன் காலி? வேலையை முடிக்கவில்லையா?"

கலாவதி என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், மேசையின் ஓரத்தில் சுவரோடு ஒட்டி நின்றிருந்த நவமணி முன்னால் வந்தாள்.

"அங்கே இருந்த எண்கள் பொய், துவான். அளக்காமல் நான்தான் எழுதினேன். அவள் கண்டுபிடித்து எடுத்துவிட்டாள்."

சிவானந்தம் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். அதிகாரி நவமணியையும் வெற்றிடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தன் பொய்யை இப்படி எடுத்துச் சொல்வதில் வேறு ஏதேனும் தந்திரம் இருக்குமோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "யார் உன்னைச் சொல்லச் சொன்னது?" என்றார்.

"யாரும் இல்லை, துவான்."

அவர் அடுத்த மேசைக்குப் போனார். மறு ஆண்டு அந்தப் பள்ளியில் திட்டங்கள் நடக்கவில்லை. பாடத்திட்டம் முடிந்தபின் நேரம் இருந்தால் பார்க்கலாம் என்று முதல்வர் சொன்னார், நேரம் இருக்கவில்லை.

ஆனால் அன்று, அதிகாரி நகர்ந்தபிறகு, சிவானந்தம் மட்டும் அந்த மேசையை விட்டுப் போகவில்லை. பையிலிருந்து தன் காலண்டரை எடுத்து நீலப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு நாளாக விரல் வைத்துச் சரிபார்க்கத் தொடங்கினார். நவமணி இன்னும் மேசையின் முன்னால் நின்றிருந்தாள், எங்கே போவதென்று தெரியாதவளாக. கலாவதி அவளைப் பார்க்கவில்லை. தான் நின்ற இடத்திலிருந்து ஓரடி தள்ளி நின்று, பக்கத்தில் இடம் விட்டாள்.